சின்ன ரேஞ்ச்ஃபைண்டர் கிட்டுக்குப் பை வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்துக் குவியம் வைக்கும் சின்ன ஃபிலிம் கேமரா), இரண்டு லென்ஸ், நாலைந்து ஃபிலிம் ரோல், வெளிச்சம் அளக்க ஒரு லைட் மீட்டர். மொத்தச் சரக்கே இவ்வளவுதான். இதற்குப் பை தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வெளியே சுற்றும்போது இந்த வகைக் கேமரா பைக்குள் இருப்பது அபூர்வம். கழுத்தில் தொங்கும், இல்லாவிட்டால் கையில் இருக்கும். லென்ஸ் மாற்றவும் ஃபிலிம் மாற்றவும்தான் பையைத் திறப்போம். அந்த இரண்டு வேலைக்கும் தோதாக இருக்கிறதா என்றுதான் பையைப் பார்க்க வேண்டும். மழை வந்தால் கேமரா உள்ளே போய் உட்கார ஒரு இடம் இருக்க வேண்டும், அவ்வளவே.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான பைகள், உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் பருமனான எஸ்எல்ஆர் கேமராவுக்கு ஏற்ற ஆழத்தோடு வருபவை. லைக்கா எம்6 என்ற ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 138 மி.மீ., உயரம் 77, தடிமன் 33.5. அதில் ஒரு சாதாரண 50 மி.மீ. லென்ஸை மாட்டினாலும் முன்னும் பின்னுமாகச் சுமார் 8 செ.மீ.தான் வரும். இதை 15 செ.மீ. தடிமனுள்ள பையில் போட்டால் கேமரா சரிந்து ஒரு மூலைக்குப் போய்விடும். லென்ஸ் இன்னொரு மூலையில் உருளும். மிச்ச இடம் சும்மா இருக்குமா? குடை, தண்ணீர் பாட்டில், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சின்ன கேமரா வாங்கிய பலனே போய்விடும்.

பெயர் பெற்ற பை என்பதற்காக வாங்குவதிலும் இதே சிக்கல் உண்டு. டோம்கி பையை 1970களில் வடிவமைத்தவர் ஜிம் டோம்கி. அப்போது அவர் பிலடெல்பியா இன்குவைரர் நாளிதழின் புகைப்படக்காரர். அதில் புகழ்பெற்ற எஃப்-2 என்ற மாடல், இரண்டு மூன்று கேமராவும் ஒரு டஜன் சாமானும் சுமந்து ஓடுகிறவருக்காகத் தைத்த பை. அருமையான பைதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு லென்ஸ்காரருக்கு அது வேண்டாத சுமை. வேண்டுமானால் அதே குடும்பத்தின் சிறிய அளவுகளைப் பார்க்கலாம்.

அளவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் பளிச்சென்று போட்டிருப்பது பல நேரம் வெளி அளவு. பஞ்சு வைத்த பையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. போய்விடும். உள் அளவு சுமார் 20 செ.மீ. அகலம், 9 அல்லது 10 செ.மீ. தடிமன் இருந்தால் லென்ஸ் மாட்டிய கேமராவும் பக்கத்தில் இன்னொரு லென்ஸும் ஆடாமல் உட்காரும்.

சரி, இப்போது ஃபிலிம் மாற்றுவதைப் பார்ப்போம். என்னைக் கேட்டால் பைக்கு வைக்க வேண்டிய உண்மையான பரீட்சை இதுதான். லைக்கா எம் வகையில் ஃபிலிம் போட, கேமராவின் அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றியாக வேண்டும். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் புது ரோல். அடித்தகட்டை எங்கே வைப்பது? பலரும் வாயில் கவ்விக்கொள்வார்கள். பையின் முன்பக்கத்தில் மூடியைத் தூக்கினதுமே கை நுழைகிற, ஜிப் இல்லாத ஒரு பாக்கெட் இருந்தால் தகடு அதில் போய்விடும். லென்ஸ் மாற்றும்போதும் இதே கதை: கழற்றிய லென்ஸ், மாட்டப்போகும் லென்ஸ், பின்மூடி என்று மூன்று சாமான், கையோ இரண்டு. லென்ஸ் அறை ஒன்றைக் காலியாக விட்டு வைத்தால் கழற்றியதை உடனே இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். உள்ளறை முழுவதையும் நிரப்பிவிட்டு, இடம் கச்சிதம் என்று மகிழ்கிறவர்கள் தெருவில் நின்று திண்டாடுவது இதனால்தான்.

ஆகவே கடையில் பையைத் தோளில் மாட்டி, நின்றபடி, ஒரு ரோலை மாற்றிப் பாருங்கள். மேசை மேல் வைத்துப் பார்த்தால் எல்லாப் பையும் நல்ல பைதான்.

ஃபிலிமுக்கு இரண்டு தனித்தனி இடம் வேண்டும்: புதுசுக்கு ஒன்று, எடுத்து முடித்ததற்கு ஒன்று. எடுத்து முடித்த ரோலைத் திரும்பச் சுற்றும்போது ஃபிலிமின் முனையை (நாக்கை) வெளியே விட்டுவிடும் பழக்கம் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். எடுத்த ரோலையே மறுபடி மாட்டி, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்தவர்கள் ஏராளம். விமானத்தில் போகிறவராக இருந்தால் ஃபிலிம் முழுவதும் ஒரே பிடியில் வெளியே வரும்படி, உள்ளே தெரிகிற ஒரு பையில் போட்டு வையுங்கள். விமான நிலையங்களில் இப்போது வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைப் புகை படிந்தாற்போல் கெடுத்துவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பத்து ஜிப்பைத் திறந்து ஒவ்வொரு ரோலாகப் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் ஃபிலிம் போடவே கூடாது.

வெல்க்ரோவைப் பற்றி ஒரு வரி. துணி ஷட்டரின் மெல்லிய சத்தத்துக்காகவே இந்தக் கேமராவை வாங்கிவிட்டு, அமைதியான அறையில் பையை ‘டர்ர்ர்’ என்று பிரித்தால் என்ன பயன்?

பாதுகாப்பு என்றதும் பக்கச் சுவர்களின் பஞ்சைத்தான் எல்லோரும் அமுக்கிப் பார்க்கிறார்கள். அடி வாங்குவது பெரும்பாலும் பையின் அடிப்பாகம். பையைத் தரையில் ‘தொப்’பென்று வைக்கிறோம் இல்லையா, அதுதான். ரேஞ்ச்ஃபைண்டரின் குவியம் நுணுக்கமான இயந்திர இணைப்பில் ஓடுகிறது. பலமான அதிர்ச்சியில், பார்க்கும் ஜன்னலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டிய இரட்டைப் பிம்பம் மேலும் கீழுமாக விலகலாம், தூரக் கணக்கும் தப்பலாம். அடியில் பெருவிரலை அழுத்தி, உள்ளே வைத்த இன்னொரு கைக்கு அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அடியில் ஒரு பஞ்சுத் தட்டைப் போடாமல் அந்தப் பையை நம்பாதீர்கள்.

அதற்காக இறுகப் பொதிந்த பையும் வேண்டாம். எம்6-இல் ஷட்டரை ஏற்றிய நிலையில் ஷட்டர் பட்டன் லேசாக அழுந்தினாலே கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் விழித்துக்கொள்ளும்; இறுக்கமான மூடி நாள் முழுக்க அழுத்தினால் பேட்டரி தீரும், ஒரு ஃபிரேமும் வீணாகலாம். பைக்குள் வைக்கும்முன் அடுத்த ஃபிரேமுக்கு லீவரைத் தள்ளாமல் இருந்தால் இரண்டும் தப்பும்.

பையே வேண்டாம், கோட்டுப் பாக்கெட் போதும் என்பவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேமராக்களில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே எஸ்எல்ஆரில் இருப்பது போன்ற கண்ணாடி கிடையாது. திறந்த லென்ஸ் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் சூரியன் ஷட்டரின் துணித் திரையில் குவிந்து ஓட்டை போட்டுவிடும். லென்ஸ் மூடி போடலாம்தான்; வியூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல், லென்ஸ் வழியாகப் பார்க்காததால் மூடியோடே படமெடுக்கும் ஆபத்து வரும். உச்சி வெயிலில் சட்டென்று உள்ளே தள்ள ஒரு பை இருப்பது நல்லது.

கடைசியாக, பழைய பை வாங்குகிறவர்களுக்கு. வெளித்துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சை நகத்தால் கீறிப் பாருங்கள். வயதான பாலியூரித்தேன் பிசுபிசுத்து, பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூள் ஃபிலிம் அறைக்குள் போனால் ஒவ்வொரு படத்திலும் புள்ளி. பஞ்சை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் தடுப்பு வைக்க முடிந்தால் வாங்கலாம். தையலோடு ஒட்டிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். தோலோ துணியோ, எந்தப் பையானாலும் மாதக்கணக்கில் கேமராவை அதற்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிட்டு, பையை மூடி திறந்தபடி காற்றாட விடுங்கள்.