சிவப்பும் பச்சையும் சேறாகாமல்: கிறிஸ்மஸ் அட்டை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் சிங்கப்பூரில் மழைக்காலம். அப்போது காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்தான். கையால் கிறிஸ்மஸ் அட்டை செய்கிறவர்கள் இதை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. குளிர்நாட்டில், ஹீட்டர் ஓடும் அறையில் எடுத்த வீடியோவில் சட்டென்று காயும் மை, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மேசையில் வெகுநேரம் பிசுபிசுக்கும்.

போன வருடம் முப்பது அட்டைகளை ஒரே இரவில் முடித்து, அப்படியே அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றின் நீலம் அடுத்ததன் முதுகில். கிறிஸ்மஸ் பூசை முடிந்ததும் தேவாலயத்தில் பெரியவர்கள் கையில் கொடுக்கலாம் என்று ஆசையாகச் செய்தவை. பாதிக்கு மேல் தேறவில்லை. இப்போதெல்லாம் துணி காயப்போடும் கிளிப் வளையத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, ஓர் இரவு ஏர்கான் அறையில் விட்டுவிடுகிறேன்.

பிரஷால் மையைத் தேய்த்து நிறங்களைக் கலக்கும் இங்க் பிளெண்டிங்கில் அதிகம் நடக்கும் தவறு, மை தோய்ந்த பிரஷை நேராக அட்டையின் நடுவில் வைப்பது. வைத்த இடத்தில் வட்டமாகத் திட்டு விழும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பக்கத்தில் ஒரு கழிவுத்தாளைப் போட்டு அதில் பிரஷை வட்டவட்டமாகச் சுற்றத் தொடங்குங்கள். சுற்றிக்கொண்டே அட்டையின் ஓரத்துக்கு வாருங்கள், பிறகு மெல்ல உள்ளே. அழுத்தவே வேண்டாம், குழந்தையின் கன்னத்தில் பவுடர் போடுகிற அளவு போதும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால்.

கிறிஸ்மஸ் என்றாலே சிவப்பும் பச்சையும்தான். ஆனால் இவை நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மிஞ்சுவது சேற்றுப் பழுப்பு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளைக் கொண்டுவாருங்கள். மஞ்சள் சிவப்போடு சேர்ந்தால் ஆரஞ்சு, பச்சையோடு சேர்ந்தால் இளந்தளிர் நிறம், இரண்டுமே அழகு. நிறத்துக்கு ஒரு பிரஷ் என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாதாரண 80 கிராம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை) நகல்தாளில் பிளெண்டிங் செய்தால் மேல்பரப்பு நூல்நூலாக உரியும். சரி என்று 300 கிராம் அட்டை வாங்கினால், அது வடிவங்களை வெட்டும் ‘பஞ்ச்’ கருவிக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் தாள் இரண்டு வகை வேண்டும்: அடித்தளத்துக்கு 250 முதல் 300 கிராம், வெட்டி ஒட்டும் நட்சத்திரத்துக்கும் பனிச்செதிலுக்கும் 160 முதல் 200 கிராம். கலைப்பொருள் கடைகள் இருக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் தாளைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். பிரித்த கட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் மூடி வையுங்கள்.

பஞ்ச் செய்துவிட்டுப் பிறகு நிறம் ஏற்றுவதும் வேண்டாம். பனிச்செதிலின் மெல்லிய முனைகளில் பிரஷ் மாட்டி மடக்கிவிடும். முழுத்தாளில் நிறம் ஏற்றி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். ஈரத்தாளை வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். பஞ்ச் கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் எந்த இடம் வெட்டப்படும் என்று கண்ணுக்குத் தெரியும். பஞ்ச் மழுங்கியிருந்தால் அலுமினியத் தாளை நாலைந்தாக மடித்துச் சில முறை வெட்டுங்கள், இறுகிப்போயிருந்தால் மெழுகுத்தாள். சுத்தியலால் தட்டவே கூடாது. வெட்டியபின் மிஞ்சும் ஓட்டைத்தாளை நான் எறிவதில்லை, அடுத்த அட்டைக்கு அதுவே ஸ்டென்சில்.

நீரில் கரையும் மையாக இருந்தால், காய்ந்த பிறகும் ஒரு துளி நீர் பட்டால் அந்த இடம் வெளுக்கும். வேண்டுமென்றே தெளித்து டிஷ்யூவால் ஒற்றினால் பனி பெய்ததுபோல இருக்கும். வியர்த்த விரல் பட்டாலோ வெறும் கறைதான்.

ஃபோம் டேப்பை (இருபுறமும் ஒட்டும் தடித்த நாடா) இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் உறை புடைத்துக்கொள்ளும், தபால் கட்டணமும் ஏறும். ஓர் அடுக்கே போதும். உள்ளே எழுத வேண்டியதை, மேலே நட்சத்திரம் ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒட்டியபின் அட்டை மேசையில் சமமாகப் படியாது, பேனா தடுக்கும். பாட்டி தாத்தாவுக்கு என்றால் தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தாக.