ஓப்பனிங் மனதில் நிற்க ஒரு அட்டை போதும்

செஸ் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசையை, மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த ஓப்பனிங்கில் மாஸ்டர் ஒருவர் ஆடிய பழைய ஆட்டத்தை எடுத்து, நகர்வுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகையால் மறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நகர்வை யூகித்து, பலகையில் ஆடிய பிறகே அட்டையை ஒரு வரி இறக்குங்கள்.

நம் யூகம் தப்பும்போது ஏன் என்று தேடுகிறோம் அல்லவா, அந்தக் காரணம்தான் மனதில் தங்குகிறது. எதிராளி வரிசையை மாற்றினாலும் தடுமாற மாட்டோம். 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க மாஸ்டர் பால் மார்ஃபி வெள்ளையாக ஆடியதில் தொடங்கலாம். ஓப்பனிங்கின் பெயர் ஃபிலிடோர் டிஃபென்ஸ், மொத்தம் 17 நகர்வுதான். செக்மேட் விழும்போது கறுப்பைப் பாருங்கள்: ராஜா பக்கத்து பிஷப்பும் யானையும் ஆரம்பக் கட்டத்தை விட்டு அசையவே இல்லை. மார்ஃபியின் இரண்டாவது யானையோ 14-ஆம் நகர்விலேயே களத்துக்கு வந்துவிடுகிறது. 'காய்களைச் சீக்கிரம் வெளியே எடு' என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் தலைதான் சுற்றும். காயைக் கையால் நகர்த்துவதும் முக்கியம்.

சிசிலியன் நஜ்டார்ஃப் மாதிரி கத்திமுனை ஓப்பனிங்குகளுக்கு இது மட்டும் போதாது. அவற்றில் பழைய நகர்வுகள் பலவற்றைத் தவறு என்று கம்ப்யூட்டர் காட்டிவிட்டது. அப்புறம், நாளைக்கே போட்டி என்றாலும் இது உதவாது. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் என்று சில வாரமாவது வேண்டும்.