அஸ்தூரியாஸ் போகிறவர்களுக்கு: நடந்தால் 12 கிலோமீட்டர், ரோட்டில் 100

போன ஆகஸ்டில் காயீன் என்கிற மலைக்கிராமத்தில், ஒரு பார் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்கள் வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள். கல்லாவில் நின்ற அம்மாவிடம், “போன்செபோஸுக்கு பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்கள். அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அவர்கள் வந்த மலையிடுக்கை நோக்கிக் கையை நீட்டிவிட்டுப் பாத்திரம் துடைக்கப் போய்விட்டார். எட்டு வருடத்துக்கு முன்னால் அதே ஊரில் அதே கேள்வியை நானும் கேட்டேன். எனக்கும் அதே மாதிரி ஒரு கைதான் நீண்டது.

ஸ்பெயினின் வடகரையில் இருக்கும் அஸ்தூரியாஸுக்கு வருடாவருடம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நல்ல ஷூ போடுங்கள், அறையை முன்பதிவு செய்யுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் செய்து, பட்டு, இன்னும் பலர் செய்வதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காரெஸ் பாதை சுற்றிவந்து முடியும் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இன்னும் ஆறவில்லை.

பீக்கோஸ் தே எவுரோபா மலைத்தொடரை காரெஸ் ஆறு பிளந்துகொண்டு ஓடுகிறது. அந்தப் பிளவின் ஓரமாக, அஸ்தூரியாஸ் பக்கம் போன்செபோஸிலிருந்து லெயோன் மாகாணத்தில் இருக்கும் காயீன் வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை. இது யாத்திரைப் பாதையும் இல்லை, ஆடு மேய்க்கிறவர்கள் போட்டதும் இல்லை. போன்செபோஸ் அருகே இருக்கும் நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1921 வாக்கில் பாறையைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதைப் பராமரிக்கிற ஆட்கள் நடப்பதற்காகப் பிறகு போட்ட வழி இது. இன்றைக்கும் நாம் நடக்கும்போது பக்கத்திலேயே கால்வாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கால்வாயை ஒட்டியே போவதால் பெரும்பகுதி சமதளம். “சுலபமான பாதை” என்று எல்லோரும் சொல்வது இதை நம்பித்தான்.

அந்தச் சமதளம்தான் ஆளை ஏமாற்றுகிறது. போன்செபோஸில் கிளம்பியதும் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் நல்ல ஏற்றம். நிழலே கிடையாது. அதைத் தாண்டிவிட்டால் கால் தானாக நடக்கும். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம், கைப்பிடிக் கம்பி பெரும்பாலும் இல்லை. காயீன் நெருங்க நெருங்க இடுக்கு குறுகி, பாலங்களும் தண்ணீர் சொட்டும் சுரங்கங்களுமாக அழகு கூடிக்கொண்டே போகும். யாருக்கும் பாதியில் திரும்ப மனசு வராது. எனக்கும் வரவில்லை.

காலை பதினொரு மணிக்குக் கிளம்பினோம்: நான், மனைவி, அவள் தம்பி. காயீனில் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்றரை. மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சரி, டாக்ஸி பிடித்தால் அரை மணியில் கார் நிற்கிற இடத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தானே!

அந்த இடுக்கு வழியாக ரோடு கிடையாது. மலைத்தொடரையே சுற்றி வர வேண்டும். காயீனிலிருந்து போசாதா தே வால்தெயோன், அங்கிருந்து சான் குளோரியோ கணவாய், கீழே இறங்கினால் கான்தாப்ரியா மாகாணத்து போடெஸ், அப்புறம் லா எர்மிதா பள்ளத்தாக்கு, பானெஸ், அரேனாஸ் தே காப்ராலெஸ், கடைசியில் போன்செபோஸ். நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவு. டாக்ஸி வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆனது. கணவாய் ஏறும்போது மச்சான் ஜன்னலைத் திறந்து வாந்தி எடுத்தான். மூன்று மாகாணங்களைத் தொட்டுவிட்டுக் காருக்கு வந்தபோது இரவு எட்டு மணி. கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு இரவு அதே விடுதியில் தங்கியிருக்கலாம். மீட்டரைப் பார்க்காமல் இருக்க நான் வெளியே பார்த்தேன். வெளியே பார்த்தால் பள்ளம்.

ஆகவே, போய்வர 24 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம் என்று முதலிலேயே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். கோடையில் போன்செபோஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் அப்போதுதான். முழுதும் நடக்க முடியாதவர்கள் போசாதா தே வால்தெயோன் பக்கம் தங்கி, காயீனிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். பாதையின் அழகான பகுதி அதுதான், ஏற்றமும் இல்லை. இரண்டு காரில் போகிற கூட்டமாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு குழு இந்த முனையிலிருந்து, இன்னொன்று அந்த முனையிலிருந்து கிளம்பி, நடுவில் சந்திக்கும்போது கார் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் நண்பர்கள் அப்படிப் போனபோது ஒரு குழு சாவிக்குப் பதிலாக ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டது, அது வேறு கதை. ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காயீனில் நின்றுகொண்டு தேடாதீர்கள்.

காற்றோ மழையோ பலமாக இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். மேலே நடமாடும் ஆடுகள் தட்டிவிடுகிற கல்லே போதும்.

ஸ்பெயின் என்றால் வெயில் என்று நம்புவது

கடலிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்ளேயே 2,600 மீட்டர் சிகரம் நிற்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரமெல்லாம் இந்த மலையில் முட்டி இங்கேயே இறங்கிவிடுகிறது. இந்தப் பச்சைக்குக் காரணமே அதுதான். உள்ளூரில் ‘ஓர்பாயூ’ என்று ஒரு தூறல் உண்டு. பெய்வது கண்ணுக்குத் தெரியாது, அரை மணியில் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். பக்கவாட்டில் மிதந்து வருவதால் குடை உதவாது, தொப்பி வைத்த மழைச்சட்டைதான் வேண்டும்.

ஏரியைப் பார்க்க நேராகக் காரில் ஏறுவது

கோவாடோங்கா ஏரிகள் இரண்டு, எனோல், எர்சினா. இரண்டும் 1,000 மீட்டருக்கு மேலே. கோடையிலும் விடுமுறை நாட்களிலும் பகல் நேரத்தில் சொந்தக் காரை மேலே விடமாட்டார்கள். காங்காஸ் தே ஓனிஸிலிருந்து பஸ்தான். அந்தந்த வருடத்து நேரங்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மூடுபனி. முதல் தடவை நான் போனபோது எர்சினா கரையில் நின்றுகொண்டே ஏரியைப் பார்க்கவில்லை. மாட்டு மணிச் சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்டது. ஒரு மாடு என் கையிலிருந்த ரொட்டியை முகர்ந்த பிறகுதான் அது அங்கே நிற்பதே தெரிந்தது. நேர்மாறாகவும் நடக்கும்: கீழே ஊர் முழுக்க மேகம் மூடியிருக்க, மேலே பளீரென்று வெயில். அதனால் விடுதி ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே நேரலைக் கேமரா இருக்கிறது, அதைப் பாருங்கள்.

சீத்ராவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது

பரிமாறுகிறவர் தலைக்கு மேலே பாட்டிலைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸில் இரண்டு விரல் அளவு ஆப்பிள் மதுவை ஊற்றுவது வித்தை காட்ட அல்ல. அந்த உயரத்திலிருந்து விழுந்து கிளாஸ் ஓரத்தில் மோதும்போது எழுகிற நுரையில்தான் ருசி. அது சில நொடியில் அடங்கிவிடும், ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். அடியில் ஒரு சொட்டு மிச்சம் வைத்து, வாய் பட்ட ஓரம் வழியாகக் கீழே கொட்டுவது வழக்கம். அதே கிளாஸ் அடுத்தவருக்குப் போகும். ‘கிளாஸ் நிறைய ஊற்றுங்கள்’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டபோது பரிமாறியவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

ஃபபாதாவை இரவில் சாப்பிடுவது

வேண்டாம். பெரிய வெள்ளை அவரை, பன்றி இறைச்சி, ரத்தத் தொத்திறைச்சி. மதியம் சாப்பிட்டுவிட்டு நடங்கள்.

நாலரை மணிக்குச் சாப்பாடு தேடுவது

கிடைக்காது. இரவு எட்டரை, ஒன்பது வரை சிப்ஸ்தான்.

கடல் நேரம் பார்க்காமல் கடற்கரைக்குப் போவது

இந்தக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். யானெஸ் பக்கம் குல்பியூரி என்று ஒரு அதிசயக் கடற்கரை உண்டு. கடலே கண்ணில் படாது. புல்வெளிக்கு நடுவே ஒரு குழி, அதில் மணல். பாறைக்கு அடியில் இருக்கும் குகைகள் வழியாகக் கடல்நீர் வந்து நிரம்பும். ஏற்றத்தின்போது குட்டி அலைகூட அடிக்கும். பாறைத் துளைகள் வழியாகக் கடல் பீய்ச்சி அடிக்கும் ப்ரீயா ‘பூஃபோன்’களும் இப்படித்தான், ஏற்றமும் வேண்டும், கொந்தளிப்பும் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் துளைக்குக் கிட்டே போகக் கூடாது.

போன வருடம் வந்த நண்பரிடம் அலை அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன். “கடல் எங்கே போய்விடும்?” என்றார். மறுநாள் மதியம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். நீச்சல் உடையில், தோளில் துண்டோடு, ஈர மணலுக்கு நடுவே கணுக்கால் நனைகிற ஒரு குட்டையில் நின்றுகொண்டிருந்தார்.