கீழாநெல்லி அறிக்கையில் பிளாஸ்டிக் வருவது ஏன்? மூலிகைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராஜெக்டுக்கு மூலிகை வேண்டும் என்றதும் சென்னை மாணவர்கள் பலர் பூங்கா நகர் ராசப்பா செட்டித் தெருவுக்குத்தான் போகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு கீழாநெல்லி, மிக்ஸியில் ஒரு சுற்று, மறுநாள் மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறல். அவசரம் புரிகிறது. ஆனால் கட்டுக்குள் இருப்பது கீழாநெல்லி மட்டும்தானா? மேலாநெல்லியும், தண்டு சிவந்த இன்னோர் இனமும் காய்ந்து நொறுங்கிய பிறகு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கீழாநெல்லியில் நாம் தேடும் வேதிப்பொருளான ஃபில்லாந்தினின் அளவோ இனத்துக்கு இனம் மாறும். வேர், பூ, காயோடு முழுச் செடியைத் தாவரவியலாளரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். அதே செடிகளில் ஒன்றை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், வையுங்கள். அரைத்த பிறகு ஓடினால் அவருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

நிறமாற்றமும் கலங்கலும் பார்க்கும் சோதனைகள் வெறும் துப்பு. சாற்றில் மேயர் கரைசல் விட்டதும் கலங்கினால் உடனே ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள ஒரு வகைத் தாவர வேதிப்பொருள்) இருக்கிறது என்று எழுதிவிடுகிறோம். புரதம் இருந்தாலும் கலங்கும்.

பெரிய வேடிக்கை, சாற்றில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று பார்க்கும் ஜிசி-எம்எஸ் கருவியின் அட்டவணையில்தான். அந்தக் கருவி சாற்றை ஆவியாக்கித்தான் பிரிக்கும். கீழாநெல்லியில் நிறைய இருக்கும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஆவியாகாது, ஆகவே அட்டவணைக்கும் வராது. வரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் கருவியின் மென்பொருள் தன் நூலகத்தைப் புரட்டி ஒரு பெயர் வைக்கும். பொருத்தம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வைக்கும். அதனால்தான் "செடியில் கண்டறியப்பட்டவை" என்ற தலைப்பின் கீழ் டைஆக்டைல் தாலேட் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் அது. பெரும்பாலும் டியூப், மூடி, கரைப்பான் வழியாக வந்திருக்கும். சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மம் கண்ணில் பட்டால், கருவிக்குள் சாற்றைப் பிரிக்கும் குழாயை (column) சந்தேகியுங்கள். இப்படி வெளியிலிருந்து வந்த பொருள்களுக்கு மருத்துவ குணமும் தேடி ஒரு பத்தி எழுதுபவர்களை என்ன சொல்ல! செடி சேர்க்காமல், அதே பாத்திரம், அதே கரைப்பான், அதே படிகளோடு ஒரு பிளாங்க் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபில்லாந்தின் அளவு வேண்டுமென்றால் ஒப்பிடுவதற்கான தூய ஃபில்லாந்தினை (ஸ்டாண்டர்டு) வாங்கி, சாற்றைத் திரவமாகவே பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஆபத்தான தவறு. எலிக்குக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்து, 14 நாளில் எதுவும் சாகவில்லை என்றால் உடனடி நச்சு குறைவு என்றுதான் பொருள். தினமும் மாதக்கணக்கில் சாப்பிடலாம் என்று பொருளல்ல. ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்லத்தான் அரிக்கும். பெல்ஜியத்தில் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதான செய்தி 1993-இல் வெளிவந்தது. அங்கேயும் ஒரு செடிக்குப் பதிலாக வேறு செடி வந்ததுதான் வினை.

நம் வீடுகளில் காமாலைக்குக் கீழாநெல்லியைப் பச்சையாக அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறார்கள். மெத்தனால் சாற்றை யாரும் குடிப்பதில்லை. ஃபில்லாந்தின் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால், மெத்தனாலில் வந்த அளவை மோருக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைக்காத மருந்து என்பதால் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிச் சோதனையை விடவே கூடாது. இந்தச் செடி சாக்கடையோரத்திலும் செழிப்பாக வளரும். அதனால் நச்சு உலோகங்களையும் பாருங்கள். வரம்புகள்: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). ஜிஎஸ்டி சாலையோரம் ஒரே நாளில் பறித்த செடியில் வந்த எண்ணைக் கீழாநெல்லி முழுவதற்கும் பொதுவாக்காமல், பறித்த இடத்தையும் மாதத்தையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.