கூரையிட்ட மரப்பாலத்தைப் பேணும் முறை

அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், பென்சில்வேனியா மாநிலங்களில் ஆற்றின் மேல் ஒரு நீண்ட வீட்டைப் போல நிற்கும் மரப்பாலங்களைப் பார்ப்பவர்கள், அந்தக் கூரை பயணிகளுக்கு நிழல் தருவதற்காகப் போடப்பட்டது என்றே எண்ணுவார்கள். உண்மையில் அது பாலத்தைத் தாங்கும் மரச்சட்டகம் நனையாமல் இருப்பதற்காகப் போடப்பட்டது. 1805-இல் பிலடெல்பியாவில் டிமத்தி பால்மர் கட்டிய பாலத்துக்குக் கூரையும் பக்கப் பலகைகளும் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர், அந்தப் பாலக் குழுமத்தின் தலைவராக இருந்த நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். திறந்த வெளியில் இருபது ஆண்டுகளுக்குள் உளுத்துவிடக்கூடிய சட்டகம், கூரையின் கீழ் நூறாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. 1866-இல் கனெக்டிகட் ஆற்றின் மேல் கட்டப்பட்ட ஏறத்தாழ 137 மீட்டர் நீளமுள்ள கார்னிஷ்–வின்ட்சர் பாலத்தில் இன்றும் கார்கள் ஓடுகின்றன.

ஆகவே பராமரிப்பைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாலத்துக்குள் சென்று, எங்கே சொட்டுகிறது, எந்தப் பக்கப் பலகை பெயர்ந்து சாரலை உள்ளே விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் பார்த்தால் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

அடுத்து, பாலத்தின் இரு முனைகளுக்கும் செல்லுங்கள். கல்சுவரின் மேல் அடித்தூலம் உட்காரும் அந்த இடத்தில்தான், வண்டிச் சக்கரங்கள் கொண்டுவரும் மண்ணும் பனியும் இலைச் சருகும் சேர்ந்து எப்போதும் ஈரம் தேங்குகிறது. நான் பார்த்தவரையில் மற்ற எல்லாப் பழுதுகளையும்விட இதுவே கொடியது. குப்பையை முழுவதும் வாரிவிட்டு, மரத்தில் ஒரு குத்தூசியைச் சாய்வாக இறக்கி நெம்பிப் பாருங்கள்: நல்ல மரமாக இருந்தால் நீண்ட சிராய் ஒன்று ‘சடக்’கென்று உரிந்து வரும், உளுத்த மரமாக இருந்தால் ஓசையே இல்லாமல் துண்டுதுண்டாக நொறுங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பூஞ்சை வளராது என்பதால், ஈரப்பதமானி ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

பழுதுபார்க்கும்போது சட்டகத்தின் வகையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1820-இல் இத்தியெல் டவுன் காப்புரிமை பெற்ற முறையில், பலகைகள் வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, அவை சந்திக்கும் இடங்களில் ஓக் மர முளைகள் அடிக்கப்பட்டிருக்கும். அந்த முளைகளுக்குப் பதிலாக இரும்பு போல்ட்டுகளைப் போடுவது எளிது என்றாலும், கூடுமானவரை அதைத் தவிருங்கள். சட்டகத்தைக் கழற்றுவதற்கு முன்பு ஆற்றுப்படுகையிலிருந்து தற்காலிகத் தாங்கு அமைத்து, ஜாக்கிகளால் மெல்ல உயர்த்தி, பாலத்துக்கு ஆதியில் இருந்த மேல்வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தூலம் முழுவதையும் மாற்றாமல், கெட்ட முனையை மட்டும் வெட்டி, அதே இன மரத்தைச் சாய்வு இணைப்பில் பொருத்தி, மாற்றிய ஆண்டை அதில் செதுக்கிவிடுங்கள். கீழே எஃகு உத்தரங்களைச் செருகி, மரத்தை வெறும் அலங்காரமாக நிறுத்திவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சுமையைத் தாங்கும் வரையில்தான் அது பாலம்.

உயரமான லாரிகள் கூரையை இடிக்காமலிருக்க, பாலத்துக்குச் சற்று முன்பே சாலையின் குறுக்கே உயரத்தடுப்பு அமையுங்கள். தீ இன்னும் பெரிய அச்சம்: சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரிலுள்ள 14-ஆம் நூற்றாண்டுப் பாலம் 1993 ஆகஸ்டில் எரிந்தபோது, கூரையடியில் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பகுதியும் அழிந்தது. வெள்ளமும் அப்படியே. 1855-இல் நியூயார்க் மாநிலத்தில் கட்டப்பட்ட பிளென்ஹெய்ம் பாலத்தை 2011-இல் ஐரீன் புயலின் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. 2018-இல்தான் அதே இடத்தில் புதிய பாலம் எழுந்தது. எனவே ஒவ்வொரு இணைப்பையும் அளந்து வரைபடமாக்கி, புகைப்படங்களுடன் பாலத்திலிருந்து தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தில் இப்போதே வைத்துவிடுங்கள்.