சமணர் மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போவது எப்படி

மதுரையில் எங்கள் வரலாற்று வட்டத்தில் மாதம் ஒரு பேச்சு, ஒரு நடை. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் பிரித்து வைக்காதீர்கள். சனிக்கிழமை மாலை பேச்சு, மறுநாள் விடிந்ததும் அதே விஷயத்தை நேரில் பார்க்க நடை. சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாளே மின்விசிறிக்குக் கீழே சொல்லிவிட்டால், மலையில் கையைக் காட்டினால் போதும். வெயிலில் நிற்க வைத்துப் பாண்டிய மன்னர் பட்டியலை ஒப்பித்தால் யார் கேட்பார்கள்? பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்திய எனக்கே கொட்டாவி வரும்.

மதுரைக்குப் பக்கத்தில், பாறையில் சமணச் சிற்பங்கள் செதுக்கிய கீழக்குயில்குடி சமணர் மலையை வைத்தே சொல்கிறேன். தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் உள்ளே திரும்பினால் அடிவாரம் வரை வண்டி போகும். ஆலமரம், தாமரைக் குளம், கருப்பணசாமி கோயில் என்று கூடி நிற்க இடம் இருக்கிறது. வயதானவர்கள் மேலே ஏறாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

சனிக்கிழமைப் பேச்சுக்கு வட்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியிலிருந்து கிளைத்து, சோழர்கள் வந்து தமிழ் எழுத்து பரவும்வரை பாண்டிய நாட்டில் புழங்கிய எழுத்து அது. பேச வருபவரிடம் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிடுங்கள்: நாற்பது நிமிடம்தான், அதற்கு மேல் மைக் கிடையாது. (பெரிய அறிஞர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.) எழுத்து வரிசையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, அவரவர் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கரும்பலகையில் ‘செய்விச்ச திருமேனி’ என்று வட்டெழுத்தில் எழுதிப் போடுங்கள். மலையில் சிற்பங்களுக்குக் கீழே உள்ள கல்வெட்டுகள் பலவும், இன்னார் செய்வித்த சிற்பம் இது என்ற பொருளில் இப்படித்தான் முடிகின்றன. மறுநாள் அந்த இடத்தில் போய் நின்றதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘தி’யைக் கண்டுபிடித்துக் கத்துவார். அதற்குப் பிறகு நீங்கள் பேசத் தேவையே இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஆலமரத்தடியில் கூடுங்கள். எட்டரைக்குள் மலையை விட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள், பாறை சீக்கிரம் சுட ஆரம்பித்துவிடும். பங்குனி, சித்திரையில் இதை வைக்கவே வேண்டாம். ஒரு பேச்சாளருக்கு இருபத்தைந்து பேர் தாங்கும். அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம், குகைக்குள் அது இரைச்சல்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள், டீச்சர் புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை.

முதலில் பேச்சிப்பள்ளம். கோயிலுக்குப் பின்னால் பாறைப் படிகள் ஏறிப் போகின்றன. அங்கே சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஒவ்வொன்றாக விளக்காதீர்கள். “தலைக்கு மேலே பாம்பு படமெடுத்து நின்றால் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி, இருவரும் சமணர் வணங்குபவர்கள், போய்த் தேடுங்கள்” என்று சொல்லி விட்டுவிடுங்கள். குழந்தைகள் முதலில் கண்டுபிடித்துவிடும். இன்னும் மேலே ஏறினால் பராந்தக வீரநாராயணப் பாண்டியன் காலத்துப் பெரும்பள்ளி (சமணர் கோயில்) ஒன்றின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காலில் தெம்பு உள்ளவர்கள் போய்வரட்டும்.

இறங்கி வந்து செட்டிப்புடவு. அது குகை, நிழல் உண்டு. அதனால்தான் அதை இரண்டாவதாக வைக்கிறோம். வெளியே பெரிய தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானி) உட்கார்ந்திருப்பார், எல்லாரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அவர்களைக் குகைக்குள் கூட்டிப் போய்க் குனிந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த கூரையில் ஐந்து உருவங்கள். நடுவில் முக்குடைக்கு, அதாவது மூன்றடுக்குக் குடைக்குக் கீழே மூன்று தீர்த்தங்கரர்கள், அசையாத அமைதி. ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஓர் இயக்கி (சமணரின் பெண் காவல் தெய்வம்), கையில் வில்லோடு, யானை மேல் வரும் எதிரியை நோக்கிப் பாய்கிறாள். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில், பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், சிங்கத்தின் பிடரி எழுந்து நிற்கும். கல்வெட்டுக்கும் இதே வித்தைதான். சாக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் யாரும் பூசக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பெயர் கிறுக்கினால் தண்டனை உண்டு என்பதை அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கழுவேற்றம் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்காத நடையே கிடையாது. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். அவரிடம் வாதத்தில் தோற்று எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். நீங்கள் நிற்கிற இடத்துச் சிற்பங்களோ 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆக, சம்பந்தருக்குப் பின்னால் இருநூறு வருஷம் கழித்தும் மதுரைக்குப் பக்கத்திலேயே சமணப் பள்ளி நன்றாக நடந்திருக்கிறது. அதைக் கையால் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வாதத்தைத் தொடர்ந்தால், சாப்பாட்டின்போது பேசலாம் என்று நகர்த்திவிடுங்கள்.

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊர்க்காரர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், கோயிலில் அன்று ஏதாவது விசேஷம் இருந்தால் தேதியை மாற்றிவிடலாம். இட்லியும் பொங்கலும் ஊரிலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். மந்தாரை இலையில் பரிமாறினால் குப்பை மிச்சமில்லை. காசைப் பேச்சு நடக்கும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். காலையில் வந்து தருகிறேன் என்பவர் தூங்கிவிடுவார், அவருடைய இட்லிக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.