வாக்குத்தத்த அட்டையும் காத்திருக்கும் ஆண்டுகளும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து, புத்தாண்டுக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது நம்முடைய சபைகள் பலவற்றில் வழக்கம். குழந்தைக்காகக் காத்திருக்கும் இந்த ஆண்டுகளில் நானும் என் மனைவியும் எடுத்த ஏழு அட்டைகள் அவளுடைய வேதாகமத்துக்குள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு எரேமியா 29:11: நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வசனத்தோடு ‘இந்த ஆண்டிலே’ என்று நாங்களாகவே சேர்த்து வாசித்தோம். ஒவ்வொரு டிசம்பரிலும் மனம் நொறுங்கினோம். பிள்ளைக்காகவோ, திருமணத்துக்காகவோ, வேலைக்காகவோ காத்திருந்து களைத்துப்போனவர்களுக்காக, நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அட்டையில் உள்ள வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். எரேமியா 29, எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம். நாம் மனப்பாடமாகச் சொல்லும் 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனமே, 70 வருஷம் நிறைவேறிய பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்திலே அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். எரேமியாவும் முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்க வேண்டும். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. ஆகவே, ‘அடுத்த வருஷம் இந்நேரம் உங்கள் மடியில் பிள்ளை இருக்கும்’ என்று ஒருவர் அன்போடு சொன்னால் ஆமென் சொல்லுங்கள். நாளை மட்டும் குறித்து வைக்காதீர்கள். தேவன் கொடுக்காத கெடுவை நாமாக அவர் பேரில் எழுதிவிட்டு, அது கடந்ததும் அவர் வாக்குத் தவறினார் என்று புலம்புவதே, காத்திருக்கிறவர்களின் விசுவாசத்தை வேறெதையும்விட அதிகமாக அரிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நிருபமே வழியையும் காட்டுகிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று, ஊர் திரும்பத் துடித்தவர்களிடம் சொல்கிறது. ‘குழந்தை வந்த பிறகு பார்க்கலாம்’ என்று நீங்கள் ஒத்திவைத்திருப்பவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றில் ஒன்றையாவது இந்த மாதமே தொடங்குங்கள். என் மனைவி பாதியில் விட்ட படிப்பை மறுபடியும் எடுத்தாள். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கைக்கொம்பை நட்டு, வெட்டுவாய் காய்ந்துவிடாதபடி அதன் தலையில் சாணத்தை உருட்டி அப்பினாள். அது துளிர்த்த காலையில் அவள் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய்க் காட்டியதை நான் மறக்கவில்லை.

அடுத்தது ஜெபம். இதில்தான் நாங்கள் நெடுநாள் தவறினோம். முறையிடுவது அவிசுவாசம் என்று எண்ணி, வாயில் ஸ்தோத்திரத்தையும் உள்ளே கசப்பையும் வைத்திருந்தோம். 13ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்ட பிறகே கிருபையின்மேல் வைத்த நம்பிக்கையைப் பேசுகிறது. அந்த ஆறு வசனங்களையும் கதவை அடைத்துக்கொண்டு வாய்விட்டு வாசியுங்கள். பிறகு உங்கள் ‘எதுவரைக்கும்’ எதுவோ அதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள். துதிக்கு வந்துசேர முடியாத நாட்களும் உண்டு. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது. பிள்ளையில்லாத அன்னாள் கர்த்தரிடம் தன் இருதயத்தை ஊற்றியபோது ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடிவெறி கொண்டவள் என்று நினைத்தார். ஆனால் ஜெபித்து எழுந்தவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. அப்போது அவள் இன்னும் கர்ப்பந்தரிக்கவில்லை. உபவாசத்தின்மேல் உபவாசமாக உடலை வருத்திக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வசனத்தை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜெபித்துவிட்டு எழுந்து சாப்பிடுங்கள், தூங்குங்கள். மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் கூச்சமின்றிப் போங்கள்.

கல்யாண வீடுகளில் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி வரும். ‘எங்களுக்காக ஜெபியுங்கள், அம்மா’ என்ற ஒரே பதிலை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் தடுமாற வேண்டியதில்லை. ஏதோ பாவம் தடையாயிருக்கிறது என்று யாராவது சொன்னால், சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தும் பிள்ளையில்லாதிருந்தார்கள் என்று லூக்கா முதல் அதிகாரம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எதையும் மறைக்காமல் பேசக்கூடிய ஒருவரோ இருவரோ சபையில் இருந்தால் போதும். மற்றவர்களுடைய பிள்ளைகளின் ஞானஸ்நான ஞாயிறு உங்களுக்குக் கடினமாக இருந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், கண்ணீர் வந்தால் வரட்டும். வெளியே வரும்போது அந்தத் தாயிடம் இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு வாருங்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

வரும் டிசம்பர் 31 அன்றும் அட்டையை எடுங்கள். அன்றிரவே அந்த வசனம் உள்ள அதிகாரம் முழுவதையும் இருவருமாகச் சேர்ந்து வாசித்து, அட்டையின் பின்புறத்தில் அதை எடுத்த தேதியை எழுதுங்கள். வேறு எந்தத் தேதியையும் எழுத வேண்டாம்.